இமயமலை கிராமத்தில் நாலு நாள்... படாளத்திலிருந்து கிளம்புறவங்களுக்கு ஒரு ஹோம்ஸ்டே கைடு!

`மணாலி, சிம்லா எல்லாம் ரீல்ஸ்லயே பார்த்தாச்சு. வேற ஏதாவது சொல்லுங்க' என்று கேட்கிற ஆளா நீங்க? அப்படின்னா இது உங்களுக்குத்தான்.

மால் ரோடு கிடையாது. ஹோட்டல் ரிசப்ஷன் கிடையாது. மலைச்சரிவில் இருபது, முப்பது வீடுகள் இருக்கிற ஒரு கிராமம். அங்கே ஒரு வீட்டில் தங்குவீங்க. அவங்க அடுப்பில் வேகுறதைத்தான் நீங்களும் சாப்பிடுவீங்க. மறுநாள் காலையில் அந்த ஊர்க்காரரே கைடாக வர, காட்டுப்பாதையில் நடந்து அடுத்த ஊருக்குப் போவீங்க. இதுதான் `வில்லேஜ் ஸ்டே' பயணம். உத்தராகண்ட், லடாக், இமாச்சல், சிக்கிம் என இமயமலை நெடுக இப்படி விருந்தாளிகளை வரவேற்கிற கிராமங்கள் இருக்கின்றன.

ஆனா ஒரு விஷயம். `ஹோம்ஸ்டே' என்று போர்டு மாட்டிய எல்லா இடமும் ஹோம்ஸ்டே இல்லை. வெளியூர் முதலாளி குத்தகைக்கு எடுத்து நடத்தும் பத்து ரூம் லாட்ஜும் அதே பெயரில்தான் ஆப்பில் வருகிறது. நீங்க கொடுக்கிற பணம் அந்த ஊரில் நிற்குமா, இல்லை மலையிறங்கி டெல்லிக்குப் போகுமா? உங்க ட்ரிப் எப்படி அமையும் என்பதையும், அந்தக் கிராமம் அங்கே தொடர்ந்து இருக்குமா என்பதையும் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த ஒரு கேள்விதான்.

இதை நமக்கு வேடந்தாங்கலே சொல்லியிருக்கு!

ஜி.எஸ்.டி ரோட்டில் படாளம் கூட்ரோட்டைத் தாண்டும்போதெல்லாம் வேடந்தாங்கல் போர்டைப் பார்த்திருப்பீங்க. அந்தப் பறவைகளை முதலில் காப்பாற்றியது வனத்துறை இல்லை, ஊர்மக்கள். பறவைகளின் எச்சம் ஏரித்தண்ணீரில் கலக்கும், அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயும், பயிருக்கு அதுவே உரம். பிரிட்டிஷ் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைப் பாதுகாக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். 2022-ல் வேடந்தாங்கலும் பக்கத்திலுள்ள கரிக்கிலியும் ராம்சர் தலங்களாக அறிவிக்கப்பட்டன.

பறவையால் ஊருக்கு லாபம் இருந்தது. அதனால் ஊர் பறவையைக் காத்தது. இதே கணக்கை லடாக்கில் பனிச்சிறுத்தையை வைத்துப் போட்டுப் பார்த்தார்கள்.

லே நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ஹெமிஸ் தேசியப் பூங்கா. அதற்குள் இருக்கும் சின்ன கிராமம் ரும்பாக். பனிச்சிறுத்தை ராத்திரியில் ஆட்டுப்பட்டிக்குள் புகுந்தால் ஒரு ஆட்டோடு நிறுத்தாது. விடியும்போது பட்டியில் பல ஆடுகள் செத்துக் கிடக்கும். ஒரு குடும்பத்தின் வருஷ வருமானமே போய்விடும். அந்தக் கோபத்தில் சிறுத்தையைக் கொன்ற காலமும் உண்டு. ரின்சென் வாங்சுக் முன்னின்று நடத்திய `ஸ்னோ லெப்பர்டு கன்சர்வன்சி' அமைப்பு, 2000-களின் தொடக்கத்தில் ஊர்மக்களோடு உட்கார்ந்து பேசியது. `வீட்டில் ஓர் அறையைப் பயணிகளுக்குக் கொடுங்கள். சிறுத்தை இருப்பதால்தான் பயணிகள் வருவார்கள்' என்பதுதான் யோசனை. `ஹிமாலயன் ஹோம்ஸ்டேஸ்' என்ற திட்டம் அப்படிப் பிறந்தது. விருந்தாளிகளை வீடுகளுக்கு முறைவைத்து அனுப்பினார்கள். வருமானத்தில் சுமார் 10 சதவிகிதத்தை ஊரின் பொது நிதிக்கு ஒதுக்கினார்கள். ஆட்டுப்பட்டிகளுக்கு மேலே கம்பிவலை போட்டார்கள். பரம எதிரியாக இருந்த சிறுத்தை, ஊருக்குச் சோறு போடும் ஜீவன் ஆனது.

2024 ஜனவரியில் வெளியான முதல் தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் இருக்கின்றன. அதில் 477 லடாக்கில்தான்.

உத்தராகண்ட் மலைகளில் பிரச்னை வேறு. அங்கே ஆட்களே கீழே இறங்கிப் போகிறார்கள். வேலை இல்லை, பள்ளிக்கூடம் தூரம், ஆஸ்பத்திரி அதைவிடத் தூரம். அந்த மாநிலத்தின் இடப்பெயர்வு ஆணையம் 2018-ல் கொடுத்த அறிக்கையில், 2011-க்குப் பிறகு மட்டும் 734 கிராமங்கள் ஆளில்லாமல் காலியானதாகச் சொன்னது. பூட்டிக் கிடக்கும் கல்வீடுகளும் புதர் மண்டிய படிக்கட்டு வயல்களும் அங்கே சாதாரணக் காட்சி. சரியான ஹோம்ஸ்டேவில் நீங்க தங்கும் நாலு ராத்திரி, ஓர் இளைஞனுக்கு ஊரிலேயே இருக்க ஒரு காரணத்தைக் கொடுக்கும்.

எங்கே போகலாம்?

1. பின்சர், உத்தராகண்ட் - முதல்முறை போறவங்களுக்கு

அல்மோராவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ஓக், ரோடோடென்ட்ரான் மரங்கள் நிறைந்த காடு. 1988-ல் இது வனவிலங்கு சரணாலயம் ஆனதும் உள்ளே இருந்த கிராமங்களுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. காட்டுப்பன்றியும் குரங்கும் பயிரை அழித்தன. மக்கள் வெளியேற ஆரம்பித்தார்கள். 2005-ல் இங்கே `வில்லேஜ் வேஸ்' என்ற முயற்சி தொடங்கியது. தலார், கோனாப், ரிசால், கட்தாரா, சத்ரி ஆகிய கிராமங்களில் ஊர் பாணியிலேயே சின்ன விருந்தினர் இல்லங்கள் உருவாயின. அவற்றை நடத்துவது கிராமக் கமிட்டிகள். சமையல், பராமரிப்பு, கைடு வேலை எல்லாம் ஊர்க்காரர்களுக்கே. நீங்க ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடந்து போய்த் தங்கலாம்.

வானம் தெளிவாக இருந்தால் நந்தாதேவி, திரிசூல், பஞ்சசூலி சிகரங்கள் வரிசையாகத் தெரியும். சரணாலயத்தின் உச்சியே சுமார் 2,400 மீட்டர்தான். அதனால் மூச்சுத்திணறல் பயம் பெரிதாக இல்லை.

2. சர்மோலி, உத்தராகண்ட் - பெண்கள் நடத்தும் ஊர்

முன்சியாரிக்குப் பக்கத்தில், பஞ்சசூலி சிகரங்களுக்கு நேர் எதிரே இருக்கும் கிராமம். மல்லிகா விர்தியும் ஊர்ப் பெண்களும் சேர்ந்து 2000-களின் தொடக்கத்தில் இங்கே ஹோம்ஸ்டேக்களை ஆரம்பித்தார்கள். இங்கே தங்குமிடத்தையும் காட்டையும் பிரிக்க முடியாது. வனப் பஞ்சாயத்து மூலம் காட்டைப் பராமரிப்பதும் விருந்தாளியை உபசரிப்பதும் ஒரே வேலையின் இரண்டு பக்கங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகம் 2023-ல் இதை நாட்டின் சிறந்த சுற்றுலா கிராமமாகத் தேர்வுசெய்தது. தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் முதலில் யோசிக்க வேண்டிய ஊர் இது. ஒரே சிக்கல் தூரம். காட்கோதாம் ரயில் நிலையத்திலிருந்து மலைப்பாதையில் ஒரு முழுநாள் பயணம்.

3. ஸ்பிதி, இமாச்சல் - இரண்டாவது ட்ரிப்புக்கு

லாங்சா, கோமிக், தேமுல், லாலுங், தங்கர்... மரமே இல்லாத குளிர்ப் பாலைவனத்தில் வெள்ளையடித்த மண்வீடுகள். காசாவை மையமாகக்கொண்ட `ஈகோஸ்பியர்' அமைப்பு இந்தக் கிராமங்களில் ஹோம்ஸ்டேக்களை வளர்த்தெடுத்தது. கோமிக் 4,500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஒரே மூச்சில் ஏறிப் போகிற இடம் இல்லை.

4. ரும்பாக், லடாக் - பனிச்சிறுத்தை நாடு

மேலே சொன்ன அதே ஊர். பகலில் நீலச் செம்மறியாடுகளைப் பார்க்கலாம். சிறுத்தை கண்ணில் படுவது அதிர்ஷ்டம். படாவிட்டாலும் அதன் கால்தடத்தைக் காட்டிக் கதை சொல்ல கைடு இருப்பார்.

சிக்கிமில் லெப்சா மக்கள் வாழும் சோங்கு பள்ளத்தாக்கும் இந்த வரிசையில் வரும். அங்கே போக அனுமதிச் சீட்டு கட்டாயம். 2023 அக்டோபரில் பனிப்பாறை ஏரி உடைந்து வந்த வெள்ளத்தில் அந்தப் பகுதியின் பாலங்களும் பாதைகளும் சேதமாயின. இப்போதைய பாதை நிலவரத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மலையில் நம்ம வீட்டு வாசனை!

`அங்கே சப்பாத்தியும் உருளைக்கிழங்கும்தானே?' என்று நினைச்சா, குமாவுன் பகுதி சமையல் உங்களை ஆச்சர்யப்படுத்தும். அங்கே `மடுவா' என்பது நம்ம கேழ்வரகு. ரொட்டியாகத் தட்டி, மேலே நெய் வைத்துத் தருவார்கள். `கஹத்' என்பது கொள்ளு. குளிருக்குக் கொள்ளுப் பருப்பு அங்கேயும் மருந்துதான். `ஜங்கோரா' என்பது குதிரைவாலி. அதில் பாயசம் செய்வார்கள். ராகிக் கூழும் கொள்ளு ரசமும் குடிச்சு வளர்ந்த செங்கல்பட்டு நாக்குக்கு இது வெளியூர்ச் சாப்பாடே இல்லை. `பட்' என்ற கறுப்பு சோயா குழம்பும், சணல்விதைச் சட்னியும் மட்டும் புதுசாக இருக்கும்.

வீட்டு வாசலைப் பாருங்கள். காவி மெழுகிய தரையில் அரிசி மாவைக் கரைத்து விரலால் கோலம் போட்டிருப்பார்கள். பெயர் `ஐபண்'. 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கலை. நம்ம மாக்கோலமும் காவிப்பட்டையும் அப்படியே ஞாபகத்துக்கு வரும். அந்த வீட்டு அக்காவிடம் கேட்டால் உங்களுக்கும் கற்றுத்தருவார். பதிலுக்கு நீங்க ஒரு சிக்கு கோலம் போட்டுக் காட்டலாம். மொழி தெரியாத வீட்டில் அரை மணி நேரத்தில் சொந்தமாகிவிட இதைவிடச் சுலபமான வழி இல்லை.

இன்னொன்று, `ஹரேலா' பண்டிகை. கூடையில் மண் போட்டு, பல வகைத் தானியங்களை விதைத்து, முளைத்து வந்த நாற்றைப் பத்தாம் நாள் வெட்டி, வீட்டில் உள்ளவர்கள் தலையில் வைத்து வாழ்த்துவார்கள். நம்ம ஊர் முளைப்பாரிதான்! வருவதும் ஜூலை நடுவில், நமக்கு ஆடி பிறக்கிற அதே சமயத்தில்.

அல்மோராவுக்குப் பக்கத்தில் சிதை என்ற இடத்தில் கோலு தேவதை கோயில் இருக்கிறது. நியாயம் வழங்கும் சாமி. கோர்ட் கேஸ், சொத்துத் தகராறு எதுவானாலும் மக்கள் காகிதத்தில் மனு எழுதிக் கட்டிவிட்டுப் போவார்கள். முத்திரைத்தாளில் எழுதியதுகூட இருக்கும். வேண்டுதல் நிறைவேறினால் மணி கட்டுவார்கள். எங்கே பார்த்தாலும் மணிகள், மணிகள். நேரம் இருந்தால் ஜாகேஸ்வரையும் பாருங்கள். தேவதாரு காட்டுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட சின்னதும் பெரியதுமான கற்கோயில்கள். மாமல்லபுரம் ரதங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, வடக்கே கல்லை எப்படிக் கோயிலாக்கினார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வாய்ப்பு.

எப்போ போகலாம்?

குமாவுன் பகுதிக்கு மார்ச், ஏப்ரல் அல்லது அக்டோபர், நவம்பர். வசந்தத்தில் ரோடோடென்ட்ரான் சிவப்பாகப் பூத்திருக்கும். மழைக்குப் பிறகான அக்டோபரில் சிகரங்கள் பளிச்சென்று தெரியும். மே, ஜூனில் காட்டுத்தீ அபாயம் உண்டு. 2024 ஜூனில் பின்சரில் தீயணைக்கப் போன வனப் பணியாளர்களே உயிரிழந்தார்கள்.

ஜூலை முதல் செப்டம்பர் நடு வரை உத்தராகண்ட், இமாச்சல் மலைகளைத் தவிர்ப்பது நல்லது. நிலச்சரிவு, திடீர் வெள்ளம் இரண்டுமே அந்த மாதங்களில்தான் அதிகம். 2013 ஜூனில் கேதார்நாத்தில் நடந்ததும், 2025 ஆகஸ்ட் 5-ல் உத்தரகாசி மாவட்டத்தின் தராலியில் நடந்ததும் மறக்கக் கூடாதவை. தராலியில் ஓடை இறங்கி வரும் பாதையில் இருந்த ஹோட்டல்களையும் வீடுகளையும் சேறும் வெள்ளமும் சில நிமிடங்களில் அடித்துப் போயின.

லடாக், ஸ்பிதி இரண்டும் மழை மறைவுப் பகுதிகள். அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை சீஸன். ஆனால் அங்கே போய்ச்சேரும் சாலைகள் மழையில் சிக்கும் என்பதால் கையில் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

படாளம் டு பின்சர்: ரூட் மேப்

ரயிலில் போறவங்களுக்கு: படாளம் ஸ்டேஷனிலோ பஸ்ஸிலோ செங்கல்பட்டு வந்து, அங்கிருந்து மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன். எதிரே சென்ட்ரல். இரவில் கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினால் மூன்றாம் நாள் காலை புது டெல்லி. பகலில் டெல்லியில் சுற்றிவிட்டு, இரவு பழைய டெல்லி ஸ்டேஷனில் ராணிகேத் எக்ஸ்பிரஸ் பிடித்தால் விடியற்காலை காட்கோதாம். மலையடிவாரத்தின் கடைசி ஸ்டேஷன் அது. அங்கிருந்து ஷேர் ஜீப்பிலோ டாக்ஸியிலோ அல்மோரா வழியாகப் பின்சருக்கு நாலைந்து மணி நேரம். ரயில் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்புதான் திறக்கும். சீஸனில் திறந்த அன்றே போட்டுவிடுங்கள்.

விமானத்தில் போறவங்களுக்கு: ஜி.எஸ்.டி ரோட்டிலேயே நேராக மீனம்பாக்கம். டெல்லிக்கு மூன்று மணி நேரத்துக்குள். பிறகு அதே ராணிகேத் எக்ஸ்பிரஸ்.

ரயிலில் என்றால் மொத்தம் 10, 11 நாள்கள் லீவு தேவை. விமானம் என்றால் ஒரு வாரம் போதும். இரண்டு நாளில் ஓடிப்போய் ஓடிவர நினைக்காதீங்க. கிராமத்தில் குறைந்தது நாலு ராத்திரி தங்கினால்தான் அந்த ஊர் உங்களுக்கு முகம் காட்டும். முதல் நாள் நீங்க டூரிஸ்ட். மூன்றாம் நாள்தான் `சாயா குடிச்சியா?' என்று பக்கத்து வீட்டில் கூப்பிடுவார்கள்.

செலவு? குடும்பங்கள் நடத்தும் சாதாரண ஹோம்ஸ்டேக்களில் சாப்பாட்டோடு சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய் வட்டாரத்தில் வரும். கைடு, சாமான் தூக்கும் ஆள், ஜீப் எல்லாம் சேர்ந்த பேக்கேஜ் என்றால் கணிசமாகக் கூடும். கூடுகிற தொகை யாருக்குப் போகிறது என்று கேட்பது உங்க உரிமை.

புக் பண்றதுக்கு முன்னாடி இந்த 7 கேள்வி!

ஆப்பில் போட்டோவைப் பார்த்து பணம் கட்டாதீங்க. போன் போட்டு இதையெல்லாம் கேளுங்கள்.

1. வீட்டுக்காரக் குடும்பம் அதே வீட்டில்தான் வசிக்கிறதா? உத்தராகண்ட் அரசின் ஹோம்ஸ்டே விதிகளில் இதுதான் அடிப்படை. `கேர்டேக்கர் இருப்பார்' என்று பதில் வந்தால் அது ஹோம்ஸ்டே இல்லை.

2. நான் கட்டும் பணத்தில் வீட்டுக்கு எவ்வளவு, கைடுக்கு எவ்வளவு, ஏஜென்டுக்கு எவ்வளவு? ஒழுங்காக நடத்துபவர்கள் தயங்காமல் சொல்வார்கள்.

3. கைடு எந்த ஊர்க்காரர்? அதே கிராமமோ பக்கத்து கிராமமோ என்றால் சரி.

4. விருந்தாளிகளை வீடுகளுக்கு முறைவைத்து அனுப்புகிறீர்களா, இல்லை எப்போதும் ஒரே வீடா? ஒரே வீடு மட்டும் சம்பாதித்தால் ஊருக்குள் பொறாமையும் சண்டையும்தான் மிஞ்சும்.

5. வீடு எங்கே இருக்கிறது? ஆற்றங்கரை, ஓடை இறங்கும் வாய், புதிதாக வெட்டிய சரிவு என்றால் வேறு வீடு கேளுங்கள். `ரிவர் வியூ' ரூமுக்கு ஆசைப்பட வேண்டாம்.

6. ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், ஏற்றம் எவ்வளவு? மலையில் தூரத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, ஏற்றத்தை வைத்துத்தான் போட வேண்டும்.

7. ராத்திரியில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் அடுத்த ஆஸ்பத்திரி எங்கே, வண்டி எப்படி வரும்? இதற்குத் தெளிவான பதில் இல்லாத இடத்துக்கு வயதான அப்பா அம்மாவைக் கூட்டிப்போகாதீங்க.

உடம்பை ரெடி பண்ணுங்க

நாம கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் வாழ்கிற ஆட்கள். பொதுவாக 2,500 மீட்டரைத் தாண்டும்போதுதான் உயர நோய் எட்டிப்பார்க்கும். அதனால்தான் முதல் ட்ரிப்புக்கு பின்சர். லே நகரமோ 3,500 மீட்டர். விமானத்தில் போய் இறங்கினால் ஒரே நாளில் அந்த உயரம். முதல் 48 மணி நேரம் நடை, குளியல் சாகசம், மது எதுவும் வேண்டாம். ஓய்வு, தண்ணீர், சூப். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வந்தால் மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். மாத்திரை எதுவாக இருந்தாலும் டாக்டரைக் கேட்டுத்தான். இதயம், நுரையீரல் பிரச்னை இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டிக்கெட் போடும் முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

பயிற்சிக்கு ஜிம் தேவையில்லை. திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலுக்கு ஐநூற்றுக்கும் மேற்பட்ட படிகள். ஆறு வாரம், வாரத்துக்கு மூன்று நாள், முதுகில் ஐந்து கிலோ பையோடு ஏறி இறங்குங்கள். இறங்கும்போது முட்டி வலித்தால் ஷூவை மாற்றுங்கள். புது ஷூவை மலையில் முதல்முறையாகப் போடுவதைவிடப் பெரிய தப்பு இல்லை.

விருந்தாளி மரியாதை

குமாவுனில் வீட்டு அண்ணனை `தாஜ்யூ' என்றும், அக்காவை `தீதி' என்றும் கூப்பிடலாம். லடாக், ஸ்பிதியில் வணக்கம், நன்றி, போய்வருகிறேன் எல்லாவற்றுக்கும் ஒரே சொல், `ஜூலே'. சாப்பாடு போதும் என்றால் `பஸ்' என்று சொல்லி, கையைத் தட்டுக்கு மேலே வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

லடாக் வீடுகளில் அடுப்பு புனிதமானது. அதில் குப்பையைப் போடுவதோ, அதை நோக்கிக் காலை நீட்டுவதோ கூடாது. வழியில் வரும் ஸ்தூபிகளையும் மந்திரம் பொறித்த கற்சுவர்களையும் வலது கைப்பக்கம் வைத்துக் கடக்க வேண்டும். நம்ம கோயிலில் வலம்வருவது போலத்தான்.

லடாக்கிலும் ஸ்பிதியிலும் கழிவறை உலர் கழிவறையாக இருக்கும். தண்ணீர் ஊற்றக் கூடாது, மண் தள்ள வேண்டும். அது பின்தங்கிய ஊர் என்பதன் அடையாளம் இல்லை. தண்ணீர் அரிதான ஊரில் அந்த உரத்தில்தான் பார்லி விளைகிறது. `ஃப்ளஷ் வேணும்' என்று டூரிஸ்ட்டுகள் கேட்டுக் கேட்டுத்தான் லேயில் நிலத்தடி நீருக்குச் சிக்கல் வந்திருக்கிறது. பக்கெட் வெந்நீர் ஒன்று கொடுத்தால் அதற்குப் பின்னால் ஒரு சுமை விறகு இருக்கிறது என்பதையும் யோசியுங்கள்.

போட்டோவுக்கு முதலில் அனுமதி கேளுங்கள். குளிக்கிற, சமைக்கிற, சாமி கும்பிடுகிற நேரத்தில் ரீல்ஸ் வேண்டாம். குழந்தைகளுக்குச் சாக்லேட்டும் காசும் கொடுத்துப் பழக்காதீங்க. உதவ நினைத்தால் அந்த ஊர்ப் பள்ளிக்கு என்ன தேவை என்று கேட்டு வாங்கிக் கொடுங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். மலையில் குப்பை வண்டி வராது.

பேக்கிங்: இதை மட்டும் மறக்காதீங்க

* தெர்மல் உள்ளாடை, ஸ்வெட்டர், காற்று, மழை புகாத ஜாக்கெட் என மூன்று அடுக்கு. ஒரே தடிமனான கோட்டைவிட இது நல்லது.
* பழகிய ஷூ, நாலு ஜோடி சாக்ஸ், தொப்பி, டார்ச், தண்ணீர் பாட்டில்.
* வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள், ஓ.ஆர்.எஸ் பாக்கெட்.
* பவர் பேங்க். குளிரில் போன் பேட்டரி வேகமாக இறங்கும். ராத்திரி ரஜாய்க்குள் வைத்துக்கொள்ளுங்கள்.
* லடாக் போனால் போஸ்ட்பெய்டு சிம். வெளிமாநில ப்ரீபெய்டு அங்கே வேலை செய்யாது.
* சில்லறையாக ரொக்கம். கிராமத்தில் சிக்னல் போனால் ஜிபேயும் போய்விடும்.
* ஆதார் அசல், ஆஃப்லைன் மேப், வீட்டில் ஒருவரிடம் உங்க முழு பயணத் திட்டத்தின் நகல்.

அவ்வளவு லீவு இல்லையா?

நம்ம பக்கத்திலேயே சின்னதாக ஆரம்பிக்கலாம். நவம்பர் முதல் மார்ச்சுக்குள் ஒரு விடியற்காலை, படாளம் கூட்ரோட்டில் திரும்பி வேடந்தாங்கலும் கரிக்கிலியும் போய், பறவைகளோடு ஊர்க்காரர்களிடமும் பேசிப் பாருங்கள். ஈ.சி.ஆரில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978-ல் தொடங்கியது. தோலுக்காகப் பாம்பு பிடித்த மக்கள், பாம்புத்தோல் வியாபாரத்துக்குத் தடை வந்த பிறகு, விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டில் விடும் தொழிலுக்கு மாறிய கதை அது. பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷம்தான் ஆதாரம். முட்டுக்காடு தட்சிணசித்ராவில் தென்மாநிலங்களின் பழைய வீடுகளுக்குள்ளேயே நடந்து பார்க்கலாம்.

ஓர் ஊரின் அறிவை, அந்த ஊர்க்காரர் வாயால் கேட்டு, அதற்கு உரிய விலையை அவர் கையிலேயே கொடுப்பது. ரும்பாக்கில் செய்யப்போவதும் இதைத்தான்.

திரும்பி வந்த பிறகு...

நாலு வேலை பாக்கி இருக்கிறது. ரிவ்யூவில் வெறும் `சூப்பர் வியூ' என்று போடாமல், ஊர் பெயரையும் கைடின் வேலையையும் குறிப்பிட்டு எழுதுங்கள். அடுத்த புக்கிங் அவங்களுக்கு அதில்தான் வரும். எடுத்த போட்டோக்களில் நாலைப் பிரின்ட் போட்டு அந்த வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்புங்கள். கொள்ளும் ராஜ்மாவும் பிடித்திருந்தால் அடுத்த அறுவடையில் அவர்களிடமே கேட்டு வாங்குங்கள். நண்பர் யாராவது `அந்த ஹோம்ஸ்டே நம்பர் கொடு' என்று கேட்டால், நம்பரோடு அந்த ஏழு கேள்விகளையும் சேர்த்து ஃபார்வேர்டு பண்ணுங்கள்.